நித்தியமும் நைமித்திகமும்

தென்காசியிலிருந்து குற்றாலத்திற்குச் செல்லும் சாலையில், இரண்டுக்கும் இடையே, யாத்திரிகர் பெரும்பாலும் வண்டியை நிறுத்தாமலே கடந்து போகிற ஊர் மேலகரம். கிழக்கே திரும்பினால் காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம். மேற்கே திரும்பினால் மேகம் கவிந்த திரிகூடமலை. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் காற்று இவ்வூரைத் தொட்டுவிட்டுத்தான் தென்காசிக்குப் போகிறது. அதே மாதங்களில் தென்காசியிலிருந்து வரும் கூட்டமும் இவ்வூரைத் தொட்டுவிட்டுத்தான் குற்றாலத்துக்குப் போகிறது. காற்றாவது போகிற வழியில் வயலை நனைத்துவிட்டுப் போகும். கூட்டம் எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதுதான் இக்கட்டுரையின் விசாரணை.

இக்கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்டுவந்த விடைகள் இரண்டு. க்ஷேத்திரங்களால் தேசம் செழிக்கிறது என்பது ஒன்று. யாத்திரைக்கும் உற்சவத்துக்கும் செலவாகிற பணம் உற்பத்திக்கு உதவாமல் கரைந்துபோகிற பணம், குடியானவன் கடன்பட்டுக் கரைக்கிற பணம் என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்பவர் பக்தராகவும் பின்னதைச் சொல்பவர் சீர்திருத்தக்காரராகவும் இருப்பது வழக்கமாகையால், இருவரும் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு தங்கள் தங்கள் கொள்கையைப் பற்றியே பேசிவிடுகிறார்கள். ‘கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்’ என்ற பழமொழியைக்கூட நாம் பக்தியின் கட்டளையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். கோயில் இருக்கிற ஊரில் குளம் இருக்கும், கணக்கு எழுதத் தெரிந்தவன் இருப்பான், குயவனுக்கும் தச்சனுக்கும் வண்ணானுக்கும் ஆண்டு முழுவதும் வேலை இருக்கும், பஞ்ச காலத்தில் கடன் கேட்க ஒரு வாசல் இருக்கும் என்கிற உலகியல் அறிவும் அப்பழமொழியில் அடங்கியிருப்பதை நினைக்க வேண்டும்.

கடன் என்றது உபசாரமாக அன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசுகள் பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. கிராம சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டு, ஆண்டொன்றுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், பொலிசை வாங்கப்பட்டதைக் கல்வெட்டுகள் தெளிவாகச் சொல்கின்றன. அவ்வட்டிதான் திருவமுதுக்கும் தீபத்துக்கும் ஆயிற்று. ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு என்று கணக்கிட்டு, அவ்வாடுகளை மேய்ப்பனிடம் ஒப்படைத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கச் சொன்ன ஏற்பாட்டில், விளக்கு எரிந்தது சாமிக்கு. ஆட்டின் பெருக்கம் இடையனுக்கு. பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, தஞ்சைக்கு வரவழைத்த ராஜராஜன், அவர்கள் ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்காக வகுத்தபோது, ஒரு தெருவை மட்டும் உண்டாக்கவில்லை. அந்நெல்லை விளைவிக்கவும் சுமக்கவும் குத்தவும் வேண்டிய ஜனங்களுக்கும் சேர்த்தே பிழைப்பை உண்டாக்கினான்.

திருப்பதியைப் பற்றி 1960இல் அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் எழுதிய கட்டுரை ஒன்று இவ்விஷயத்தில் அறிஞர்களின் கண்ணைத் திறந்தது எனலாம். விஜயநகர காலத்தில் பக்தர் செலுத்திய பொற்காசுகள் கோயில் கிராமங்களின் ஏரிகளிலும் கால்வாய்களிலும் முதலீடு செய்யப்பட்டன. நீர் பெருகிய நிலத்தின் அதிக விளைச்சலிலிருந்தே, கொடுத்தவர் பெயரால் நைவேத்தியம் நடந்தது. காணிக்கை கால்வாயாகி, கால்வாய் நெல்லாகி, நெல் பிரசாதமாகி, பிரசாதம் மீண்டும் யாத்திரிகனின் கைக்கே வந்து சேர்கிற இச்சுழற்சியை அவர் விளக்கிக் காட்டிய பின், கோயிற் செலவு வீண்செலவு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. ஆனால் அதே விளக்கத்தில் ஒரு நிபந்தனையும் அடங்கியிருந்தது. ஏரி வெட்டியதால் அன்றோ திருப்பதியைச் சூழ்ந்த சீமை செழித்தது? கூட்டம் வந்ததனால் மட்டும் செழித்ததென்று அவர் சொல்லவில்லை.

இந்நிபந்தனையை நம் கோயில் மரபின் சொற்களாலேயே சொல்லிவிடலாம். ஆலய வழிபாட்டை நித்தியம் என்றும் நைமித்திகம் என்றும் ஆகமம் பிரிக்கிறது. அன்றாடம் காலம் தவறாமல் நடப்பது நித்தியம். ஒரு நிமித்தம் பற்றி, ஒரு மாதத்தில், ஒரு நட்சத்திரத்தில் வந்து போவது நைமித்திகம். தேரும் தெப்பமும் காண்பதற்குப் பெரியவை. ஆயினும் நித்திய பூஜை தவறினால் உற்சவத்துக்குப் பயனில்லை என்பது சாஸ்திரக் கொள்கை. ஊரின் பொருள் வாழ்வும் இவ்விதமே இரண்டாகப் பிரிகிறது என்றும், யாத்திரைத் தலங்களால் ஊர் வளர்கிறதா என்ற கேள்விக்கு விடை இவ்விரண்டில் எது மிகுந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததே என்றும் நான் கருதுகிறேன். மேலகரத்தைச் சுற்றிலும் இதற்குச் சான்றுகள் கிடக்கின்றன.

முதலில் தென்காசி. வடகாசிக்கு நடந்து போகிறவர்கள் வழியிலேயே மாண்டு போகிறார்கள் என்று இரங்கி, இங்கேயே ஒரு காசியை அமைக்கும்படி சிவபெருமான் பாண்டியன் கனவில் சொன்னதாக ஸ்தல ஐதிகம். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் குலத்தில் வந்த பராக்கிரம பாண்டியன் 1446இல் இத்திருப்பணியைத் தொடங்கினான். அவன் காலத்தில் எழும்பிக்கொண்டிருந்த கோபுரத்தை அவன் தம்பி குலசேகரன் முடித்தான். கனவின் பக்தியைக் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ணக் கூடாது. ஆனால் கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு வேறொன்றும் தெரிகிறது. மாதக்கணக்காக நடந்து கங்கைக் கரையில் செலவழிக்கப்படவிருந்த திரவியத்தைச் சிற்றாற்றங்கரையிலேயே நிறுத்திவிட வழி செய்த அரசன் அவன். அந்நியச் சரக்கின் இறக்குமதிக்கு மாற்றாக உள்நாட்டுச் சரக்கைச் செய்துகொள்வதைப் பற்றி இக்காலத்தில் பெரிய நூல்கள் எழுதுகிறார்கள். புண்ணியத்தையே உள்நாட்டில் செய்து கொடுத்தவன் பராக்கிரம பாண்டியன். பிற்காலத்தில் இக்கோயிலைக் காக்க வருகிறவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குவதாக அவன் கல்லில் பொறித்து வைத்திருப்பது, கோயில் கட்டிய கையோடு அதன் நித்தியத்தைப் பற்றியும் கவலைப்பட்டவன் அவன் என்பதற்குச் சாட்சி.

காத்தவர்கள் காத்தார்கள், காலம் மட்டும் முழுதும் ஒத்துழைக்கவில்லை. 1924இல் கோபுரம் தீக்கிரையாயிற்று. அதன் பின் அறுபத்தாறு ஆண்டுகள் தென்காசிக்கு அடையாளம் ஒரு மொட்டைக் கோபுரந்தான். 1990இல்தான் புதிய கோபுரம் எழுந்து குடமுழுக்குக் கண்டது. 2025 ஏப்ரலில் மீண்டும் ஒரு குடமுழுக்கு நடந்தது. இங்கே ஆராய்ச்சியாளன் சற்று நிற்க வேண்டும். கோபுரம் இல்லாத அந்த அறுபத்தாறு ஆண்டுகளில் தென்காசி தேய்ந்துவிட்டதா? தேயவில்லை. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் செல்லும் இருப்புப்பாதை 1904இலேயே முழுமை பெற்றுவிட்டது. 1927இல் விருதுநகரிலிருந்து வந்த பாதையும் தென்காசியில் சேர்ந்தது. இருப்புப்பாதைகள் கூடுகிற சந்திப்பாக, மலையாளத்துக்கு அரிசியும் காய்கறியும் அனுப்புகிற சந்தையாக, பின்னர் 2019இல் ஒரு மாவட்டத்துக்கே தலைநகராக அவ்வூர் வளர்ந்தது. ஆகையால் கோயில்தான் ஊரைப் பெற்றது என்பதும் உண்மை. வளர்ந்த பிள்ளை தாயை எதிர்பாராமல் சம்பாதிக்கக் கற்றுக்கொண்டது என்பதும் உண்மை. கோயில் ஊர்கள் எல்லாவற்றையும் கோயில் வருமானத்தாலேயே விளக்க முற்படுகிறவர்கள் இந்த அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

குற்றாலத்தின் கதை வேறு. அங்கே சாமியைப் பார்க்க வருகிறவன் குளிக்கிறான். குளிக்க வருகிறவன் சாமியையும் பார்க்கிறான். யார் எதற்கு வந்தார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சம்பந்தர் பதிகம் பெற்ற தலம், குறும்பலா நிற்கும் தலம், நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் சித்திர சபை அமைந்த தலம் என்பன அதன் சாஸ்திரப் பெருமைகள். சங்கு வடிவில் அமைந்த அக்கோயிலில், ஓயாத அருவிக் குளிர்ச்சியில் வீற்றிருக்கும் குற்றாலநாதருக்குத் தலைநோவு வராதிருக்க மூலிகைத் தைலம் சாற்றுவதும் கஷாயம் நிவேதிப்பதும் வழக்கம். சாமிக்கே மருந்து கொடுக்கிற ஊர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்தத் தைலத்துக்கும் கஷாயத்துக்கும் நாள் தவறாமல் சரக்கு வேண்டும் என்பதையும், அச்சரக்கைத் தருவது கடலுக்கு அப்பாலுள்ள சீமையன்று, எதிரே நிற்கிற மலை என்பதையும் நினைத்தால், நித்தியம் என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறிய, இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இதற்கு நேர்மாறாக, அருவிக்கரையில் நடப்பது முழுவதும் நைமித்திகம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாயைக் கடந்து சாரலாகச் சிதறும் ஆனி தொடங்கி ஆவணி வரையில் ஒரு சீசன். பிறகு கார்த்திகை முதல் தேதியில் மாலையணிந்து, மண்டல விரதமும் மகர விளக்கும் முடிகிற தை வரையில் ஐயப்பன்மார்களின் சீசன். சித்திரை விசுவும் ஐப்பசி விசுவும் மார்கழித் திருவாதிரையும், ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் நடுநடுவே வருகிற உற்சவங்களும் விசேஷ தினங்களும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து மாத வருமானம். எஞ்சிய ஏழு மாதங்களும் அவ்வருமானத்தின் நிழலில் கழிய வேண்டியவை. மாசி, பங்குனியில் பேரருவியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாறையில் ஈரத்தின் கறை மட்டும் இருக்கும். அப்போது கடை வீதியில் பாதிக் கதவுகள் சாத்திக் கிடக்கும். பருவமழை பொய்த்த ஆண்டில், கடன் வாங்கிக் கடை எடுத்தவனின் நிலை மழையை நம்பி விதைத்த புன்செய்க் குடியானவனின் நிலைக்குச் சிறிதும் மேலானதன்று.

கடை எடுப்பது என்றேன். அது தனியே விளக்க வேண்டிய சங்கதி. கோயில் நிலத்துக் கடையானாலும் பேரூராட்சியின் வாகன நிறுத்தமானாலும், க்ஷேத்திரங்களில் இடத்தைப் பெறும் வழி ஏலம். ஏலத்தில் தொகை ஏற ஏற, கோயிலுக்கும் பேரூராட்சிக்கும் வரவு ஏறுகிறது, அது நல்லதுதான். ஆனால் கூடிய தொகையைக் கேட்கத் துணிகிறவன் கையில் முதல் உள்ளவன். அவன் உள்ளூரானாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எடுத்த இடத்தை மறுகைக்கு விட்டு, அந்த மறுகை இன்னொரு கைக்கு விடுவது பல க்ஷேத்திரங்களிலும் கண்ட வழக்கம். கடைசியில் அருவிக்கரையில் நின்று துண்டும் சிப்ஸும் விற்கிறவன், மூன்று பேருடைய லாபத்தைத் தன் விலையில் ஏற்றி விற்க வேண்டியவனாகிறான். யாத்திரிகன் விலையைக் கேட்டு, குற்றாலத்துக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று வைகிறான். வைவு குற்றாலத்துக்காரனுக்கு, பணம் வேறு ஊருக்கு.

விற்கப்படும் சரக்கையும் சற்றுப் பரிசீலித்தால் இவ்விஷயம் மேலும் தெளிவாகும். ஒரு யாத்திரிகன் குற்றாலத்தில் கொடுக்கும் ரூபாய், பூக்காரியின் கையில் சேர்ந்தால், அவள் அதைப் பக்கத்துக் கிராமத்து அரளித் தோட்டக்காரனுக்குக் கொடுக்க, அவன் உழவு மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க, செக்காளன் தன் பெண்ணுக்குப் பள்ளிப் புத்தகம் வாங்க, இவ்வாறு ஊருக்குள்ளேயே நாலு வாசல் ஏறி இறங்குகிறது. அதே ரூபாய் பிளாஸ்டிக் பொம்மைக்குக் கொடுக்கப்பட்டால், கடைக்காரனின் சிறு லாபம் நீங்கலாக, அன்று மாலையே மொத்த வியாபாரியின் கணக்கில் ஏறி மலையைத் தாண்டிப் போய்விடுகிறது. பொருளாதார நூலார் எத்தனையோ சூத்திரங்களால் காட்டுகிற பெருக்கம் என்பது இந்த நாலு வாசலுக்கு மேல் ஒன்றுமில்லை. இம்முறையில் பார்த்தால், பலாப்பழமும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் குற்றாலத்தின் நல்ல சரக்குகள். மலையோரத்துத் தோட்டங்களில் விளைவன அவற்றிற் சில. கிழக்கிந்தியக் கம்பெனியார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மலையில் இலவங்கமும் ஜாதிக்காயும் பயிரிடத் தோட்டம் போட்டார்கள். துரைமார்கள் கோடையில் தங்குவதற்கு வந்த இடத்தில் மண்ணையும் காற்றையும் கண்டு, வந்த வாசனையை வியாபாரமாக்கிக்கொண்டார்கள். அவர்கள் யாத்திரிகரல்லர், ஆயினும் யாத்திரைத் தலத்தில் என்ன செய்ய வேண்டுமென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதைக் கசப்போடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழநியையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு வேண்டியது விருப்பாட்சி வாழை. அது பழநிமலைச் சரிவில் விளைவது. பால்கோவாவுக்கு வேண்டியது பால். அதைத் தருவது சுற்றுவட்டாரத்து மாடு. ஆண்டாள் சந்நிதிக்கு வந்தவன் வாங்கிப் போன பால்கோவாவைத் தின்று பார்த்தவன், ஆண்டாளைக் காணாமலே மறுமுறை ஆள் அனுப்பி வாங்குகிறான். நைமித்திகமாகத் தொடங்கிய வாணிகம் இப்படி நித்தியமாக மாறிவிடுகிறது. குற்றாலத்துக்கு அப்படித் தன் பெயரோடு ஊர் ஊராய்ச் செல்கிற சரக்கு இன்னும் வாய்க்கவில்லை. அல்வா திருநெல்வேலியுடையது, பாய் பத்தமடையுடையது, நேந்திரங்காய் சிப்ஸ் மலையாளத்தின் பெயரால் விற்பது. அருவியைத் தவிரக் குற்றாலத்தின் பெயரால் விற்கிற சரக்கு இல்லை. அருவியையோ பொட்டலம் கட்டிக் கொடுக்க முடியாது.

ஐயப்பன் சீசனின் தன்மை சாரல் சீசனிலிருந்து வேறுபட்டது. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் என்று மலையைக் கடந்து செல்கிற வழி இதுவாகையால், கார்த்திகை பிறந்தது முதல் கறுப்பும் காவியும் நீலமும் உடுத்த கூட்டம் பேரருவியில் நீராடி, குற்றாலநாதரை வணங்கி, மேற்கே போகிறது. அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி மார்கழியில் தென்காசி வழியாகப் போவதும், அதனை ஊரார் எதிர்கொண்டு வணங்குவதும் அக்காலத்தின் காட்சிகள். விரதக்காரன் புலால் உண்ணான், விலையுயர்ந்த விடுதி தேடான், சத்திரத்திலோ மண்டபத்திலோ வண்டியிலோ படுத்து விடியுமுன் புறப்பட்டுவிடுவான். ஆகவே தலைக்கு அவன் செய்யும் செலவு சாரல் காலத்து உல்லாசியினும் குறைவு. ஆனால் அவன் மழையைப் பார்த்து வருவதில்லை. அருவியில் தண்ணீர் குறைந்தாலும் விரதம் குறையாது. சிறு இட்லிக்கடைக்காரனுக்கும் வாழைப்பழக்காரனுக்கும் நிச்சயமான அந்த இரண்டு மாதம், நிச்சயமற்ற மூன்று சாரல் மாதத்தினும் மேலானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லையும் ஒரு தலம் போலப் பிழைப்பளிக்கக் கூடியது என்பதற்குப் பிரானூர் சாட்சி. செங்கோட்டை 1956 நவம்பர் முதல் தேதி வரையில் திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்திருந்தது; பிரானூருக்கருகே சீமை மாறியது. எல்லை புளியரைக்கு மேற்கே போய் எழுபதாண்டுகள் ஆகப்போகின்றன. ஆயினும் அவ்விடத்துக்கு ‘பார்டர்’ என்றே பெயர், அங்கே விற்கும் பரோட்டாவுக்கும் பார்டர் பரோட்டா என்றே பெயர். குளித்துப் பசித்தவன் அதைத் தேடிப் போகிறான். தலத்தின் புகழோடு ஒட்டிக்கொண்டு, தலத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பண்டம் வாழ்வு பெறுவதை இங்கே பார்க்கிறோம். இவ்வாறே சங்கரன்கோவில் ஆடித்தபசும், இலஞ்சிக் குமாரரும், பண்பொழித் திருமலையும், இந்துக்களும் நேர்ந்துகொண்டு போகிற பொட்டல்புதூர் பள்ளிவாசலும் தத்தம் அளவில் சந்தைகளை வளர்க்கின்றன. மேல்நாட்டில் லூர்து என்ற சிற்றூர் 1858க்குப் பின் விடுதிகளின் நகரமாகிவிட்டதையும், நம் கடற்கரையில் வேளாங்கண்ணி அவ்விதமே வளர்ந்ததையும் பார்க்கும்போது, இது எந்த ஒரு சமயத்துக்கும் உரிய அதிசயமன்று என்பது விளங்கும்.

இனி மேலகரத்துக்குத் திரும்புவோம். பெயரிலேயே அகரம் இருப்பதால் இது பழைய அந்தணர் குடியிருப்பு என்பது வெளிப்படை. சுற்றிலும் நஞ்சை. குற்றாலத்தில் மலையும் ஓடையும் போக எஞ்சியது ஒரு கைப்பிடி நிலமாகையால், அங்கே இடமில்லாத விடுதியும் திருமண மண்டபமும் ஓய்வு பெற்றவரின் வீடும் மேலகரத்தையும் நன்னகரத்தையும் நோக்கி இறங்கி வருகின்றன. நெல் விளைந்த வயலில் கல் நட்டு மனை பிரிக்கிறார்கள். நிலம் வைத்திருந்தவனுக்கு ஒரே நாளில் தலைமுறைச் செல்வம். அந்நிலத்தில் நாற்று நட்டவளுக்கு விடுதியில் துணி துவைக்கிற வேலை, அதுவும் சீசனில் மட்டும். இருவரையும் ஒரு சராசரியில் கூட்டி, ஊரின் வருமானம் உயர்ந்தது என்று ஒருவர் அறிக்கை எழுதினால் அது பொய்யாகாது. ஆனால் நடுபவளின் வேலை முன்பு நித்தியமாக இருந்தது, இப்போது நைமித்திகமாகிவிட்டது என்ற செய்தி அவ்வறிக்கையில் எங்கும் வராது.

நிலத்தைப் போலவே தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் யாத்திரிகனின் தலையோடு முடிந்துவிடுவதில்லை. சிற்றாறாகிக் கால்வாய்களிலும் குளங்களிலும் புகுந்து, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரவருணியில் சேர்கிறது. மேலே கரைந்த எண்ணெயும் சோப்பும் கீழே பாசனத்தில் கலந்தன. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விலக்கியபோது, எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர்கள் வருந்தினார்கள்; அவ்வருத்தம் நியாயமானது, அவர்களுக்கு மாற்றுப் பிழைப்பைக் காட்டியிருக்க வேண்டும். ஆயினும் விலக்கு சரியானதே. ஐந்நூறு பேருடைய சீசன் வருமானத்துக்காக ஆற்றங்கரை முழுவதின் நித்திய வருமானத்தை அழுக்காக்க எவருக்கும் உரிமை இல்லை. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென இறங்கிய காட்டாற்று வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. வருமானம் என்று எழுதும்போது எச்சரிக்கை மணிக்கும் காவலுக்கும் ஆகிற செலவைக் கழிக்காமல் எழுதும் கணக்கு, கணக்கேயன்று.

இவ்வளவு குறை சொன்னவன் நிறையையும் சொல்ல வேண்டும். 1964இல் குற்றாலநாதர் தேவஸ்தானத்தின் சார்பில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி குற்றாலத்தில் தோன்றியது. பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய கிராமங்களில், கோயில் நடத்துகிற கல்லூரி, அம்மன் பெயர் கொண்ட கல்லூரி என்பதே தகப்பன்மார்களின் தயக்கத்தைப் பாதியளவு தீர்த்திருக்கும். உண்டியலில் விழுந்த காசு பட்டமாகி, பட்டம் சம்பளமாகி, அச்சம்பளம் சாரல் பொய்த்த ஆண்டிலும் மாதந்தோறும் வீட்டுக்கு வருகிறது. ஸ்டைன் திருப்பதியில் கண்ட ஏரிக்கு இக்காலத்து வடிவம் இதுதான். இக்குற்றாலத்தில் பிற்காலத்தில் குடியிருந்து, அறநிலைய வாரியத்தில் ஆணையராயிருந்த அனுபவத்தோடு தமிழின்பத்தையும் வழங்கிய ரசிகமணி டி.கே.சி.யைக் காண ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள். அருவிக்கும் சாமிக்கும் அடுத்தபடியாகக் கவிதைக்காகவும் ஜனங்கள் ஓர் ஊருக்கு வருவார்கள் என்பது அந்நாளில் இங்கே பிரத்தியட்சமாயிற்று.

கவிதை என்றவுடன் மேலகரத்துக்காரன் நிமிர்ந்து உட்காருவான். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் இளம் சாமிநாதையரையும் ஆதரித்த மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் இவ்வூர்க்காரர். அவருக்கு முன்னே, பதினெட்டாம் நூற்றாண்டில், குற்றாலநாதரைப் பாட்டுடைத் தலைவராக்கித் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயரும் இவ்வூர்க்காரரே. மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அந்நூலுக்குப் பரிசாக நிலத்தையே கொடுத்தார். அதற்குக் குறவஞ்சிமேடு என்று பெயர் வழங்கலாயிற்று. பொன்னைக் கொடுத்திருந்தால் அது ஒரு தலைமுறையில் கரைந்திருக்கும். யாத்திரைத் தலத்தின் புகழிலிருந்து மேலகரத்துக்கு வந்து, விளைகிற வடிவத்திலேயே வந்து சேர்ந்த வருமானங்களில் பெயரோடு நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஆகையால் தேவஸ்தானத்துக்கும் பேரூராட்சிகளுக்கும் நான் வைக்கும் விண்ணப்பம் சிறியது. ஏலத் தொகையில் ஒரு பங்கைச் சிற்றாற்றுக் கால்வாய்களைத் தூர்வார ஒதுக்குங்கள். கடைகளில் சிலவற்றை மலையிலும் வயலிலும் விளைந்ததை மட்டும் விற்கும் உள்ளூரார்க்கென்று, ஏலத்துக்குப் புறம்பாக, நிதான வாடகைக்கு விடுங்கள். வாசகர்க்கும் ஒரு வார்த்தை. ஆனியிலும் கார்த்திகையிலும் வருகிறவர்கள் வரட்டும். நீங்கள் ஒரு முறை மாசியில் வந்து பாருங்கள். பேரருவி நூலாக ஒழுகும், சில நாள் அதுவும் இராது. கோயில் வழக்கம்போல் திறந்திருக்கும், தைலமும் கஷாயமும் நேரம் தவறாமல் நடக்கும், சித்திர சபையின் சுவரோவியங்களை இடிபடாமல் நின்று பார்க்கலாம். அறை வாடகையும் அப்போது குறைவு.